"சும்மா ஒரு கேஸ் மாத்திரை" என்று சொல்லாதீர்கள்!



கொஞ்சம் நீளமான பதிவு. கோபமாகத்தான் எழுதுகிறேன். முழுதும் படியுங்கள்.

காய்ச்சல் என்று போனாலும், முழங்கால் வலி என்று போனாலும், சீட்டின் முதல் வரியில் ஒரு "கேஸ் மாத்திரை". பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல், ரபிப்ரசோல் என்று பெயர்தான் மாறும். ஐந்து நாளைக்கு எழுதியதை ஐந்து வருடம் விழுங்குகிறோம். சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து அது. ஆனால் கடையில் யார் சீட்டு கேட்கிறார்கள்?

முதலில், அது வாயுவுக்கான மாத்திரையே அல்ல. இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுரப்பதை ஒரு நாள் முழுக்கக் குறைத்துவைக்கும் மருந்து.

பத்தாம் வகுப்பு ஆய்வகம் ஞாபகம் இருக்கிறதா? சுண்ணாம்புக்கல்லில் நீர்த்த அமிலம் விட்டால் நுரைத்துக் கரையும். வெறும் தண்ணீரில் போட்டால் கல் கல்லாகவே கிடக்கும். நீங்கள் வாங்கும் பல கால்சியம் மாத்திரைகளில் இருப்பது அதே கால்சியம் கார்பனேட்தான். அமிலத்தை அடக்கிவிட்டு வெறும் வயிற்றில் அதை விழுங்கினால் எப்படிக் கரையும்? கரையாதது எப்படி எலும்புக்குப் போகும்?

இரும்பும் அப்படித்தான். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு கரைந்து, ஃபெரிக் நிலையிலிருந்து ஃபெரஸ் ஆக மாற அமிலம் துணை செய்கிறது. என் அக்காவுக்கு மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை போட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. "ஒழுங்கா மாத்திரை போடுறீங்களா பாட்டி?" என்று அதட்டல் வாங்கியதுதான் மிச்சம்! நான்கு வருடமாக அதே சீட்டில் நின்ற அமில மருந்தை ஒருவரும் கவனிக்கவில்லை. வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் கேட்கக்கூட ஆளில்லையே! பழி மட்டும் நோயாளி தலையில்.

மெக்னீசியம் கதை இன்னும் மோசம். இந்த மருந்துகளை நீண்டகாலம், பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல், எடுப்பவர்களுக்கு மெக்னீசியம் குறையலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011-லேயே எச்சரித்தது. அவர்கள் ஆராய்ந்தவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு மெக்னீசியம் கொடுத்தும் சரியாகவில்லை; அமில மருந்தையே நிறுத்த வேண்டிவந்தது. உணவிலுள்ள பி12-ஐப் பிரித்தெடுக்கவும் அமிலம் வேண்டும்.

"இரண்டு மணி நேரம் தள்ளிப் போட்டால் போதாதா சார்?" என்பீர்கள். ஜெலுசில் மாதிரித் திரவ மருந்துக்கு அது சரி. நாள் முழுக்க வேலை செய்யும் மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் என்ன செய்யும்?

இதைப் படித்துவிட்டு நாளைக்கே மாத்திரையைத் தூக்கி எறியாதீர்கள். குடல்புண், இரத்தக்கசிவு உள்ளவர்களுக்கும், ஆஸ்பிரின் போன்றவை எடுப்பவர்கள் பலருக்கும் அது உயிர் காக்கும் மருந்து. நெடுநாள் எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தினால் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரக்கும்.

மருத்துவரிடம் வாய் திறந்து கேளுங்கள்:
1. இது எதற்கு? எத்தனை நாளைக்கு?
2. கால்சியம் கார்பனேட்டைச் சாப்பாட்டோடு எடுக்கலாமா, சிட்ரேட்டுக்கு மாறலாமா?
3. ஹீமோகுளோபின், மெக்னீசியம், பி12 பார்க்க வேண்டுமா?

வகுப்பில் கேள்வி கேட்காதவனைத்தான் நான் கோபித்திருக்கிறேன். இப்போதும் அதேதான். இன்றைக்கே அம்மா அப்பாவின் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வேதியியல் வாத்தியார்