கட்டணப் புத்தகத்தில் ஒரு வரி

போன வாரம் மறைமலைநகரிலிருந்து என் பழைய நண்பரின் மகன் வந்திருந்தான். சிட்கோ பேட்டையில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறான். ஒரகடத்துக் கார் கம்பெனிகளுக்குப் பாகம் கொடுப்பவர்களுக்கு, இவன் அந்தப் பாகத்துக்குள் போகும் பாகம் கொடுப்பவன். வைத்த காபி ஆறிக்கொண்டிருந்தது. பையிலிருந்து ஒரு பில்லை எடுத்து நீட்டினான்.

"மாமா, நீங்க ரிட்டயர் ஆகிற வரைக்கும் கிளியரிங்தானே பார்த்தீங்க. இது நியாயமா சொல்லுங்க."

ஒரே ஒரு இருபதடிக் கன்டெய்னர். டெர்மினல் ஹேண்ட்லிங் சார்ஜ், ஸ்டோரேஜ், கப்பல் கம்பெனியின் டிடென்ஷன் என்று பட்டியல் நீண்டது. பெட்டி முனையத்திலேயே ஒரு வாரம் கிடந்ததாம். கிரேன் ரிப்பேர் என்றார்களாம். அந்த ஒரு வாரத்துக்கும் இவனே வாடகை கட்ட வேண்டுமாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏறக்குறைய இதே பில்லோடு 2007-இல் நானும் நின்றிருக்கிறேன். எந்தத் துறைமுகம், எந்த முனையம் என்பதெல்லாம் இப்போது வேண்டாம். ஒரகடம் ரோடு ரயில்வே கேட்டில் டிரெய்லர்கள் வரிசையாக நிற்கும் காலம் அது. எங்கள் பெட்டிக்காகத் தொழிற்சாலையில் ஒரு லைன் நின்றுபோய், மேனேஜர் மணிக்கொரு தரம் போன் செய்துகொண்டிருந்தார். கடைசியில் பெட்டி வந்தது, கூடவே ஸ்டோரேஜ் பில்லும் வந்தது. கவுன்ட்டரில் இருந்த பையனிடம் கட்டணப் புத்தகத்தில் ஒரு வரியைக் காட்டினேன். துறைமுகத்தின் அல்லது முனையத்தின் குறையால் ஏற்படும் தாமதத்துக்கு, நியாயமான அளவுக்கு மேல், உபயோகிப்பாளர் பணம் கட்டத் தேவையில்லை என்பது அதன் சாரம். "இதெல்லாம் யார் சார் படிக்கிறாங்க?" என்றான். மூன்று மாதம் கடிதம் எழுதினேன். கிரெடிட் நோட் வந்தது.

அந்த வரியைத் துறைமுகம் தானாக மனமுவந்து எழுதவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

1997-க்கு முன் ஒவ்வொரு துறைமுகக் கழகமும் தன் கட்டணத்தைத் தானே போட்டு, மத்திய அரசிடம் அனுமதி வாங்கிக்கொள்ளும். தனியார் முனையங்கள் வரப்போகின்றன, நடுவில் ஓர் ஆள் வேண்டும் என்று அந்த ஆண்டு ஏப்ரலில் பெரிய துறைமுகங்களுக்கான கட்டண ஆணையத்தை அமைத்தார்கள். மும்பையில் அலுவலகம். எங்கள் தொழிலில் சுருக்கமாக 'டாம்ப்' என்போம்.

அவர்கள் வேலை செய்த விதம் எனக்குப் பிடிக்கும். துறைமுகம் தன் வரவு செலவையும் அடுத்த மூன்று ஆண்டு மதிப்பீட்டையும் கொடுக்க வேண்டும். அதை உபயோகிப்பாளர் சங்கங்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். பிறகு கூட்டு விசாரணை. இந்தப் பக்கம் துறைமுக அதிகாரிகள், அந்தப் பக்கம் கப்பல் முகவர்கள், சுங்க முகவர்கள், வர்த்தக சபைக்காரர்கள். எங்கள் சங்கத்தோடு ஒருமுறை நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். யார் என்ன ஆட்சேபம் சொன்னார்கள், துறைமுகம் என்ன பதில் சொன்னது, ஆணையம் எதை ஏற்றது, எதை ஏன் ஏற்கவில்லை என்று பக்கம் பக்கமாக எழுதி மத்திய அரசிதழில் போடுவார்கள். படிக்க அலுப்பாக இருக்கும். ஆனால் எல்லாம் எழுத்தில் இருக்கும்.

2005 வழிகாட்டு நெறிகளில் போட்ட முதலுக்கு 16 சதவீத வருமானம் என்று கணக்கு. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு. மதிப்பீட்டுக்கும் நடப்புக்கும் 20 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் கேள்வி கேட்பார்கள். கூடுதலாகக் கிடைத்ததில் பாதியை அடுத்த சுற்றில் கழிப்பார்கள். எங்களுக்குப் பழைய வீட்டு வாடகை நியாயமன்றம் ஞாபகம் வரும்.

குறை இல்லாமல் இல்லை. செலவோடு லாபம் சேர்த்துக் கட்டணம் என்றால், அதிகப் பெட்டி கையாள்பவனுக்கு அடுத்த முறை கட்டணம் குறையும். 2012-இல் மும்பை நவசேவாவில் ஒரு தனியார் முனையத்துக்கு 44 சதவீதத்துக்கு மேல் வெட்டினார்கள். அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். தூத்துக்குடியில் 1998-இல் 30 ஆண்டு உரிமம் எடுத்த பி.எஸ்.ஏ. சிக்கால் கதை இன்னும் சிக்கல். ஒவ்வொரு பெட்டிக்கும் ஆண்டுதோறும் ஏறும் ராயல்டி தருவதாக ஒப்பந்தம். அந்த ராயல்டியைச் செலவாக எடுத்துக்கொள்ள முடியாது, அதை எங்கள் தலையில் கட்டக் கூடாது என்றது கொள்கை. கம்பெனி திணறியது. ராயல்டிக்குப் பதில் வருவாய்ப் பங்கு என்று நடுவர் மன்றம் மாற்றிக் கொடுத்த தீர்ப்பு செல்லாது என்று 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் முடித்தது. இருபது ஆண்டுக்கு மேல் கிரேன் ஓட்டியதோடு வழக்கும் ஓட்டியிருக்கிறார்கள்.

இதைக் காட்டித்தான் ஆணையமே வேண்டாம் என்றார்கள். காட்டுப்பள்ளி மாதிரி மாநிலத்தின் கீழ் உள்ள துறைமுகம் தன் கட்டணத்தைத் தானே வைத்துக்கொள்ளும்போது, பக்கத்தில் இருக்கும் சென்னைக்கு மட்டும் கையில் விலங்கா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 2021-இல் பெருந்துறைமுக அதிகாரசபைச் சட்டம் வந்தது, நவம்பர் 3 முதல் அமல். கட்டணத்தை இனி அந்தந்தத் துறைமுகத்தின் வாரியமே வைக்கும். புதிய தனியார் முனையங்கள் சந்தை நிலவரப்படி வைத்துக்கொள்ளலாம்.

மூன்று துறைமுகம் அருகருகே இருக்கும்போது போட்டியே விலையைக் குறைக்கும் என்பது வாதம். பெரிய கார் கம்பெனிக்கு அது சரி. கப்பலையே பேரம் பேசி, சென்னை வேண்டாம் எண்ணூர் போ என்று சொல்ல அவர்களால் முடியும். என் நண்பர் மகனால் முடியுமா? அவன் பெட்டி சென்னையில் இறங்குமா காட்டுப்பள்ளியில் இறங்குமா என்பதைக் கப்பல் கம்பெனி முடிவு செய்கிறது. அவன் கையில் இருப்பது ஒரு பில் ஆஃப் லேடிங். முனையத்துக்குப் பணம் கட்டுவது கப்பல் கம்பெனி, அதை டெர்மினல் ஹேண்ட்லிங் என்று பெயர் போட்டுத் தன் இஷ்டப்படி இவனிடம் வாங்குவதும் அதுவே. (அந்தத் தொகையை டாம்ப்பும் கட்டுப்படுத்தவில்லை. எங்கள் பழைய மனக்குறை அது.) தேர்ந்தெடுக்க முடியாதவனுக்குப் போட்டியால் என்ன லாபம்?

இன்னொன்று. பழைய துறைமுகக் கழக வாரியத்தில் கப்பல்காரர்களுக்கும் சரக்குக்காரர்களுக்கும் நாற்காலி உண்டு. புதிய வாரியத்தில் மாநில அரசு, ரயில்வே, பாதுகாப்பு, சுங்கம், தொழிலாளர் தரப்பு, சுயேச்சை உறுப்பினர்கள் என்று இருக்கிறார்கள். உபயோகிப்பாளர் என்ற பெயரில் இடம் இல்லை. முறையீட்டுக்கு ஒரு தீர்ப்பு வாரியத்தைச் சட்டம் சொல்கிறது. ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதியோ உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியோ அதற்குத் தலைவர். நல்லதுதான். ஆனால் பணம் கட்டிய பிறகு முறையிடுவது வேறு, கட்டணம் வைக்கும் முன் கூப்பிட்டுக் கேட்பது வேறு. ஒரு பெட்டி பில்லுக்காக இவன் பட்டறையைப் பூட்டிவிட்டு நீதிபதி முன் போய் நிற்பானா?

நான் பழைய ஆணையத்தை உயிர்ப்பிக்கச் சொல்லவில்லை. விலையை வாரியமே வைக்கட்டும். வைக்கும் முன் மசோதாவை வெளியிட்டு, ஆட்சேபம் கேட்டு, காரணம் எழுதட்டும். தாமதம் யாருடையதோ செலவும் அவருடையது என்ற அந்த வரியை மட்டும் எந்த வாரியமும் தொடக் கூடாது என்று மத்திய அரசு உத்தரவாகவே போடட்டும். அப்படி உத்தரவிடச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

நண்பர் மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். பாதியில் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். "மாமா, இப்ப நான் என்ன செய்யணும்?" என்றான். அந்த முனையத்தின் இப்போதைய கட்டண அட்டவணையை இறக்கி, ஸ்டோரேஜ் பகுதிக்குக் கீழே உள்ள குறிப்புகளைப் படி, கிரேன் ரிப்பேர் என்று சொன்னதை ஈமெயிலில் எழுதி வாங்கு என்றேன். பீரோவிலிருந்து என் பழைய கடிதங்களின் நகலையும் எடுத்துக் கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். காபியைச் சூடு பண்ணித் தரச் சொல்லிக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினான்.