அளக்காத படியும் அளவில்லாக் கட்டணமும்

கடைத்தெருவில் ஒரு வணிகர் அரிசி விற்கிறார். ‘படி 100 ரூபாய்’ என்று பலகை தொங்குகிறது. காசைக் கொடுத்துப் பையை நீட்டினால் முக்கால் படி அளந்து போடுகிறார். இது என்ன நியாயம் என்று கேட்டால், “பலகையை நன்றாகப் படியுங்கள். ‘ஒரு படி வரை’ என்றுதான் எழுதியிருக்கிறேன்” என்கிறார். ‘வரை’ என்ற சொல் எறும்பின் தலையளவு எழுத்தில் கிடக்கிறது. மறுநாள் அரைப்படி. மூன்றாம் நாள் கடையே அடைத்துக் கிடக்கிறது. ஆயினும் அன்றைய காசும் கணக்கில் ஏறுகிறது. சீட்டைப் பார்த்தால் 100 என்பது 118 ஆகியிருக்கிறது. “அது வரி, எனக்கென்ன தெரியும்?” என்று கைவிரிக்கிறார்.

இப்படியொரு வணிகரை நம் ஊரில் எத்தனை நாள் விட்டு வைத்திருப்போம்? தராசின் முள் சாய்ந்தால் தலை சாய்ந்ததாகக் கருதி வாணிபம் நடத்திய முன்னோரின் பிள்ளைகள் நாம். மீன் கூடைக்கு முன்னால் நின்று பத்து ரூபாய்க்குப் பத்து நிமிடம் வாதாடுபவர்கள் நாம். ஆனால் இதே வணிகர் கண்ணாடியிழைக் கம்பியோடு வீட்டு வாசலில் வந்து நின்றால், வாயடைத்துப் போய் மாதந்தோறும் பணம் கட்டுகிறோம். வீட்டு இணையம் என்னும் பிராட்பேண்டைத்தான் சொல்கிறேன்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது 1995 ஆகஸ்ட் 15 அன்று. அன்று அது செல்வர்களின் வியப்புப் பொருள். இன்று அப்படியா? கல்லூரி விண்ணப்பம் இணையத்தில். உதவித்தொகை மனு இணையத்தில். வங்கிக் கணக்கு இணையத்தில். கடல் கடந்து உழைக்கும் மகனின் முகத்தை உம்மா காண்பதும் இணையத்தில். 2020 மார்ச்சில் நாடு முழுவதும் கதவடைத்தபோது பள்ளிக்கூடமே கம்பி வழியாக வீட்டுக்குள் வந்தது. கம்பி இல்லாத வீட்டுக்கு வரவில்லை. அதற்கு முன்பே, 2019 செப்டம்பரில், விடுதி மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. உரிமை என்று நீதிமன்றம் சொன்னதை, ஆடம்பரம் என்று விலைச்சீட்டு சொல்கிறது. எது செல்லுபடியாகிறது என்பதை ஏழை வீட்டுப் பிள்ளையைக் கேளுங்கள்.

“உலகிலேயே இணையம் மலிவான நாடுகளுள் நம் நாடும் ஒன்று” என்று ஒரு விடை எப்போதும் தயாராக இருக்கிறது. இதில் ஒரு கண்கட்டு வித்தை உண்டு. மலிவென்று அவர்கள் கணக்கிடுவது கைப்பேசி இணையத்தை, அதுவும் டாலரில். அந்தக் கைப்பேசிக் கட்டணமும் 2024 ஜூலையில் ஒரே வாரத்தில் நிறுவனத்துக்கு நிறுவனம் கைகோத்தாற்போல் ஏறியது. அது கிடக்கட்டும். நான்கு பேர் வாழும் வீட்டில் கைப்பேசி ஒருவரோடு வெளியே போய்விடும். வீட்டில் இருப்போருக்குத் தேவை வீட்டோடு இருக்கும் இணைப்பு. அதன் விலையை டாலரில் அளக்காதீர்கள். கூலியில் அளந்து பாருங்கள்.

399 ரூபாய் என்று விளம்பரமாகும் சிறிய திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 18 விழுக்காடு வரி சேர்த்தால் 470 ரூபாய் 82 காசு. தமிழ்நாட்டில் ஊரக வேலை உறுதித் திட்டத்துக்கு 2025-26ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். ஆக, இணையத்துக்காக மட்டும் ஏறத்தாழ ஒன்றரை நாள் வெயிலில் மண் சுமக்க வேண்டும். ஐக்கிய நாடுகள் சார்ந்த பிராட்பேண்ட் ஆணையம், 2025க்குள் வளரும் நாடுகளில் தொடக்கநிலை இணையத்தின் விலை தனிநபர் மாத வருமானத்தில் 2 விழுக்காட்டைத் தாண்டலாகாது என இலக்கு வைத்தது. அந்த வருமானமும் நாட்டின் சராசரி; கோடீசுவரரையும் கூலிக்காரரையும் கூட்டி வகுத்தது. மாதம் 12,000 ரூபாயில் ஒரு குடும்பமே நடக்கும் வீட்டில் 2 விழுக்காடென்பது 240 ரூபாய். 470 எங்கே, 240 எங்கே?

அந்த 470ஐயும் மாதாமாதம் கட்ட விடுவதில்லை. ஆறு மாதத்துக்கு முன்பணம் கட்டினால் இணைப்புக் கூலி இல்லை, ரூட்டர் இலவசம், பதினைந்து நாள் கூடுதல் என்கிறார்கள். ஆறு மாதம் என்றால் 2,800 ரூபாய்க்கு மேல். அதை மொத்தமாக வைக்க இயலாதவர் இணைப்புக் கூலியும் தந்து, வைப்புத் தொகையும் தந்து, சலுகையும் இழக்கிறார். வசதியுள்ளவருக்கு விலை குறைவு, வசதியற்றவருக்கு விலை அதிகம். இதற்குச் ‘சலுகை’ என்று பெயர்.

வேகத்தின் கதை இன்னும் வேடிக்கை. 2004ஆம் ஆண்டின் அரசுக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே அதைப் பிராட்பேண்ட் என்று அழைத்தது. அந்த வரையறை 2 மெகாபிட்டாக உயர 2023 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விளம்பரத்திலோ 100 மெகாபிட் ‘வரை’. மஃரிபுக்குப் பிறகு தெருவே இணையத்தில் அமரும் நேரத்தில் அந்த 100 எத்தனையாகச் சுருங்கும் என்பதைச் சொல்ல யாருக்கும் கடமையில்லை. ‘அளவற்றது’ என்று கொட்டை எழுத்தில் போட்டதற்கும் கீழே பொடி எழுத்தில் ஓர் அளவு உண்டு. அதைத் தாண்டினால் வேகம் நத்தையாகும். அளவுள்ள அளவின்மையை நம் காலத்தில்தான் காண்கிறோம்.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்ற மழைக்காலத்தில் என் வீட்டு இணைப்பு பதினொரு நாள் செத்துக் கிடந்தது. புகார் செய்தேன், எண் தந்தார்கள். மறுநாள், ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று செய்தி வந்தது. அந்தச் செய்தியைப் படிக்கவும் பக்கத்து வீட்டு இணைப்பே உதவியது. மும்முறை புகார், மும்முறையும் ‘தீர்க்கப்பட்டது’. மாத முடிவில் முழுத் தொகைக்கும் சீட்டு வந்து சேர்ந்தது. அது மட்டும் ஒரு நாளும் பழுதானதில்லை. குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் பழுது நீடித்தால் வாடகையில் கழிவு தர வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2006ஆம் ஆண்டு விதிகளிலேயே இருந்த ஒன்று. கேட்டவருக்குக் கழிவு, கேளாதவருக்குக் கணக்கு.

“பிடிக்காவிட்டால் வேறு நிறுவனத்துக்குப் போகலாமே, இது சுதந்திரச் சந்தை” என்பார்கள். ஆணையமும் கட்டணத்தை நிறுவனங்களின் விருப்பத்துக்கே விட்டு ஒதுங்கி நிற்கிறது. போட்டி உள்ள இடத்தில் அது சரி. பெருநகரத்தின் அகன்ற சாலையில் ஐந்து கம்பிகள் ஓடலாம். நம் சிற்றூர்த் தெருவுக்குள் நுழைவது பெரும்பாலும் ஒரே கம்பி. ஒரே கிணறு உள்ள ஊரில், ‘வேறு கிணற்றில் இறைத்துக்கொள்’ என்பது வாதமாகுமா?

அரசின் பங்கையும் மறைத்துவிடலாகாது. 2025 செப்டம்பர் 22 முதல் மாணவரின் நோட்டுப் புத்தகத்துக்கும் பென்சிலுக்கும் வரி இல்லை. நல்ல செயல்; பாராட்டுவோம். ஆனால் அந்த நோட்டில் எழுத வேண்டிய பாடம் எந்தக் கம்பி வழியாக வருகிறதோ, அந்தக் கம்பிக்கு 18 விழுக்காடு அப்படியே நின்றுவிட்டது. இது போதாதென்று, நிறுவனங்களின் வருவாயில் 5 விழுக்காடு கிராமங்களுக்குத் தொடர்பளிக்கும் நிதிக்கென 2002 முதல் வசூலாகி வருகிறது. நிறுவனம் தன் மடியிலிருந்தா தரும்? நம் சீட்டிலிருந்துதான் தரும். அந்த நிதியில் பிறந்த பாரத்நெட் திட்டத்தின் கீழ்த் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளை இணைப்பதென்று முடிவாயிற்று. ஊராட்சி அலுவலகம் வரை வரும் கம்பி, ஊர்க் குடிசை வரை வருமா என்பதே கேள்வி. கிராமத்து வீட்டு இணைப்புக்கு மாதக் கட்டணத்தில் பாதியை, 200 ரூபாய் உச்சவரம்போடு, அரசு நேரடியாகத் தரலாம் என்று ஆணையமே 2021 ஆகஸ்டில் பரிந்துரைத்தது. அதே பரிந்துரையில் இருந்த 2 மெகாபிட் வரையறை ஏற்கப்பட்டுவிட்டது. அந்த 200 ரூபாயைப் பெற்ற வீடு எதையும் நான் கண்டதில்லை. சொல்லின் பொருளை மாற்றக் காசு செலவில்லை அல்லவா?

இவ்வளவும் பிறர் குற்றம். நம் குற்றம் ஒன்றுண்டு. அதைச் சொல்லாமல் பேனாவை மூடினால் நான் நேர்மையற்றவனாவேன்.

எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டும் ஒருவரின் மகள் கல்லூரியில் வணிகவியல் படிக்கிறாள். இரண்டு மாதம் பணம் கட்ட இயலாமல் அவர்கள் வீட்டு இணைப்பு துண்டிக்கப்பட்டது. அந்தப் பெண் இரவில் எங்கள் மதிலோரம் கைப்பேசியோடு நிற்பதை நான் ஒரு வாரம் கழித்தே கண்டேன். “வாப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், பெரியப்பா” என்றாள். திருடியவளைப்போல அவள் கூனிக் குறுகினாள். குறுக வேண்டியவன் நான். பதினொரு நாள் பழுதுக்கு முழுப் பணம் கட்டிவிட்டு, ‘போனால் போகிறது’ என்று சொன்னவன் நான். வெளிநாட்டுப் பணம் வரும் வீடுகள் ஓராண்டுக் கட்டணத்தைச் சேர்த்துக் கட்டிவிட்டுச் சீட்டைக்கூடப் பிரிப்பதில்லை. இயன்றவர் கேட்காமல் கட்டும் பணமே இயலாதவருக்கும் விலையாகிறது. நம் பெருந்தன்மைக்கு அந்தப் பெண் மதிலோரத்தில் நின்று விலை கொடுக்கிறாள்.

கேட்பதற்கு வழியில்லாமல் இல்லை. தொலைபேசிப் பூசல்களுக்கு நுகர்வோர் மன்றம் செல்ல இயலாதென்று 2009இல் ஒரு தீர்ப்பு தடையாய் நின்றது. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், நுகர்வோர் மன்றத்தின் கதவு தொலைத்தொடர்புக்கும் திறந்தே இருக்கிறது எனத் தெளிவாக்கிவிட்டது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மன்றத்தில் கட்டணம் கிடையாது. அதற்கு முன், புகார் எண்ணைக் குறித்து வைத்து, நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். தனித்தனியே எழுதினால் காகிதம். ஒரு தெருவே கையெழுத்திட்டால் அது குரல்.

நாம் கேட்பது தானமன்று. வரியும் சேர்த்த முழு விலையைப் பலகையில் எழுதுங்கள். ‘வரை’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, குறைந்தது எவ்வளவு என்று சொல்லுங்கள். செத்த நாளுக்குக் காசு வாங்காதீர்கள். சிறிய திட்டங்களுக்கு வரியை நீக்குங்கள். பரிந்துரைத்த 200 ரூபாயைக் கொடுங்கள். அவ்வளவே.

அடுத்த மாதச் சீட்டு வரும்போது அதைப் பிரித்துப் படியுங்கள், சகோதர சகோதரிகளே. படி நிறைய அளந்திருக்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் கேளுங்கள், உங்களுக்காக வேண்டாமென்றால், மதிலோரத்தில் நிற்கும் பிள்ளைக்காகக் கேளுங்கள்.