மாஞ்சோலை: காட்டை அழித்தவர் யார், விலை கொடுப்பவர் யார்?

மாஞ்சோலை மலை மீண்டும் மழைக்காடாக வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தொழிலாளர் பக்கம் நின்று பேசுவோர் அனைவரும் காட்டுக்கு எதிரிகள் என்ற தோற்றம் இங்கே எளிதாக உருவாக்கப்பட்டுவிடுகிறது.

களக்காடு–முண்டந்துறை, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம்; 1988இல் அறிவிக்கப்பட்டது. அதற்குள், மணிமுத்தாற்றுக்கு நீர் தரும் மலையில், கக்காச்சியை ஒட்டி எஞ்சியுள்ள பசுமைமாறாக் காட்டில் வெடிப்பலா மரங்கள் நிற்கின்றன. அவற்றின் காய்களைச் சிங்கவால் குரங்குகள் பெரிதும் நம்பி வாழ்கின்றன. பூக்களை நாடி வரும் வௌவால்கள் மகரந்தத்தைக் கடத்துகின்றன. கிளைவிட்டுக் கிளை தாவியே வாழும் இக்குரங்குகளுக்கு இடையில் விரியும் தேயிலைப் பரப்பு ஒரு மதிற்சுவரைப் போன்றது.

அம்மதிலை எழுப்பியவர் யார்? 1929இல் சிங்கம்பட்டி ஜமீன், 8,373 ஏக்கர் காட்டைப் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. மரங்களை வெட்டிச் சாய்த்துத் தேயிலை பயிரிட்டனர். வெட்டவும் நடவும் கொழுந்து பறிக்கவும் மலையேற்றப்பட்டவர்களுள் பெரும்பாலோர் நிலமற்ற தலித்துகள். காடு வேண்டுமா, தேயிலை வேண்டுமா என்று அவர்களை எவரும் கேட்டதில்லை. ஜமீன் ஒழிந்த பின்னரும் குத்தகை ஒழியவில்லை. கூலி உயர்வு கோரியும் சிறையிலிருந்த தோழர்களை விடுவிக்கக் கோரியும் 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் ஊர்வலமாகச் சென்றவர்கள் மீது காவல்துறை தடியடி நடத்தியதில், 17 பேர் தாமிரபரணியில் மாண்டனர்.

2024இல் நிறுவனம் விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்து, தொழிலாளர்களை மலையை விட்டு இறங்கச் சொன்னது. தோட்டத்தை அரசின் டான்டீ ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை அவ்வாண்டு டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஏற்க மறுத்தது. புலிகள் காப்பகத்துக்குள் தேயிலையை நிரந்தரமாக்கும் அக்கோரிக்கையில் நமக்கும் தயக்கம் உண்டு. ஆயினும் காட்டை மீட்கும் செலவை யார் தலையில் கட்டுவது என்ற கேள்வி அத்தீர்ப்போடு முடிந்துவிடவில்லை.

சட்டம் இம்மக்களை எங்கே நிறுத்துகிறது என்று பாருங்கள். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு தந்தது. ஆனால் அதை வேலையோடு கட்டிவைத்தது. வேலை போனால் வீடும் போகும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமோ, பழங்குடியினர் அல்லாத பிற பாரம்பரிய வனவாசிகள் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், காட்டில் வசித்து அதைச் சார்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. கணக்குப் போட்டால் 1930 டிசம்பருக்குப் போய் நிற்கிறோம். குத்தகை தொடங்கி இரண்டாண்டுகூட நிறையாத காலம் அது! அதன் பின் அழைத்துவரப்பட்ட குடும்பம், பேரன் பேத்தி கண்டு அங்கேயே புதைகுழி தோண்டியிருந்தாலும், சட்டத்தின் கண்ணில் வந்தேறியே. கூலிக்கு உழைத்தவர் காட்டைச் சார்ந்தவர் ஆவாரா என்ற எதிர்வாதம் வேறு.

நிறுவனத்தின் நிலை அப்படியல்ல. 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் இந்நாட்டின் சட்டமாக ஏற்றது. பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டோடு, சீரழிந்த சூழலை மீட்கும் செலவும் அந்த ஈட்டில் அடங்கும். தோல் தொழிற்சாலைக் கழிவுக்காகச் சொல்லப்பட்ட கோட்பாட்டை, மழைக்காட்டை அழித்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஈட்டிய இலாபத்துக்கும் நீட்டிக்க வேண்டும் என்பதே நம் வாதம். குத்தகை சட்டப்படியானதே என்று நிறுவனம் கூறலாம். தொழிலாளர் செய்த வேலையும் சட்டப்படியானதே. அவர்கள் மட்டும் ஏன் வெறுங்கையோடு இறங்க வேண்டும்?

இன்னொன்றும் உண்டு. கவாத்து இல்லாமல் கைவிடப்பட்ட தேயிலை மரமாக ஓங்கும். வெட்டவெளியில் உண்ணிச்செடி மண்டும். மனிதரை வெளியேற்றிவிட்டால் மட்டும் அங்கே வெடிப்பலா விரைவில் முளைத்துவிடாது. விதை சேகரித்து, நாற்றங்கால் அமைத்து, களையெடுத்து, பல ஆண்டுகள் பேணினால்தான் காடு திரும்பும் என்பதை வால்பாறையில் சூழலியலாளர்கள் கால் நூற்றாண்டாகச் செய்து காட்டிவருகின்றனர். அதற்கு ஆட்கள் வேண்டும். அம்மலையின் ஓடையும் சரிவும் மழையும் அறிந்தவர்கள் வேண்டும். அவர்களைச் சமவெளிக்கு அனுப்பிவிட்டு ஒப்பந்தக்காரரிடம் நாற்று நடும் வேலையைக் கொடுப்பதற்குப் பெயர் காடு வளர்ப்பா?

குத்தகை 2028 பிப்ரவரியில் முடிகிறது. அதற்குள் அரசு, அழிக்கப்பட்ட காட்டை மீட்க ஆகும் செலவை மதிப்பிட்டு நிறுவனத்திடம் கோர வேண்டும். மீட்புப் பணியில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு முன்னுரிமையும் முறையான ஊதியமும் எழுத்துமூலம் உறுதி செய்யப்பட வேண்டும். இறங்க விரும்புவோருக்கு வீடு மட்டும் போதாது, விளைநிலம் வேண்டும். நெல்லை மாவட்டத்தில் பிறர் வசமுள்ள பஞ்சமி நிலங்களை மீட்கும் பணியை இக்குடும்பங்களிலிருந்தே தொடங்கலாம்.