அலகை அறுப்பது பரிகாரமாகாது

நம் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் ஆலோசனைக்கு வரவிருக்கும் விஷயங்களுள் ஒன்று, பார்வைக்குச் சிறியதாகத் தோன்றினும், ஆழ்ந்து எண்ண வேண்டியதாகும். கொல்லையில் கோழி வளர்க்கும் அங்கத்தினர் சிலர், கோழிகள் ஒன்றன் இறகை மற்றொன்று கொத்திப் பிடுங்குவதால் நஷ்டம் உண்டாகிறதென்றும், அதனைத் தடுக்க அலகு வெட்டும் மின்சார இயந்திரம் ஒன்றைப் பொது நல நிதியிலிருந்து வாங்கித் தர வேண்டுமென்றும் விண்ணப்பித்திருக்கின்றனர். அவர்களுடைய துன்பம் மெய்யானது; அதை நாம் சிறிதும் குறைத்து எண்ணவில்லை. ஆயினும் அவர்கள் வேண்டும் பரிகாரம் தக்கதன்று என்பது நம் கருத்து. அதற்குரிய காரணங்களை அங்கத்தினர் முன் வைக்கிறோம்.

பாவு கிடைக்காமல் தறி ஓய்ந்திருக்கும் நாட்களிலும், மழை பொய்த்த பருவத்திலும், வீட்டுப் பெண்மக்களின் கையில் நாலு காசு புரள்வது பெரும்பாலும் கோழியினால்தான். எட்டுப் பத்துக் கோழி வைத்திருக்கும் குடும்பத்தில் இரண்டு கோழி காயப்பட்டு இறந்தால் அது எளிய நஷ்டமன்று. இறகை இழந்த கோழி உடற்சூட்டைக் காக்க அதிகத் தீனி தின்னும்; முட்டையோ குறையும். ஆகவே இக்கேட்டை நீக்க வேண்டுமென்பதில் இரண்டு கருத்து இல்லை. எப்படி நீக்குவது என்பதே கேள்வி.

முதலில் இப்பழக்கம் யாதென்று தெளிவோம். கோழிகளிடையே உயர்வு தாழ்வு பற்றிய சண்டை எப்போதும் உண்டு. அவ்வரிசை முறையை நார்வே நாட்டு அறிஞர் தோர்லெய்ஃப் ஷெல்டெருப் எப்பே 1920-களின் தொடக்கத்திலேயே ஆராய்ந்து எழுதினார். அச்சண்டையில் கொத்து விழுவது பெரும்பாலும் தலையிலும் கொண்டையிலும் ஆகும். அது சில நாட்களில் அடங்கிவிடும். இறகு பிடுங்குவதோ வேறு. அங்கே கோபம் இல்லை. ஒரு கோழி அமைதியாக மற்றொன்றின் பின்னே நின்று, முதுகிலும் வாலின் அடியிலும் உள்ள இறகைத் தரையைக் கொத்துவது போலவே கொத்துகிறது. நம் வீட்டுக் கோழிகளின் மூதாதையாகிய சிவப்புக் காட்டுக்கோழி, பகற்பொழுதில் பாதிக்கு மேற்பட்ட நேரத்தைச் சருகைக் கிளறி இரை தேடுவதிலேயே கழிக்கும் இயல்புடையது. அந்த இயல்பு வீட்டுக் கோழியிடமும் மாறாமல் இருக்கிறது. கிளறுவதற்கு மண்ணும் சருகும் இல்லாதபோது, அந்த அலகு பக்கத்துக் கோழியின் இறகை நாடுகிறது. இதைக் கோழியின் குற்றமென்று கொள்வது நியாயமாகாது.

அலகு என்பது நம் நகத்தைப் போன்றதென்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. மேலுள்ள ஓட்டின் உள்ளே எலும்பும் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் இருக்கின்றன. அலகின் நுனி தொட்டறியும் உறுப்பு. கோழிக்கு அது விரல் போன்றது. 1980-களில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஆராய்ந்தவர்கள், வெட்டுண்ட நரம்புகளின் முனையில் முடிச்சுகள் உண்டாவதையும், அவை வலியின் அறிகுறிகளை நீண்ட காலம் காட்டுவதையும் கண்டனர்.

இதை நாம் ஏட்டில் மட்டும் அறிந்தோமல்லோம். பல ஆண்டுகளுக்கு முன் நம் வீட்டுக் கொல்லையிலும் இதே தொல்லை வந்தது. பிறர் சொல்லக் கேட்டு, பழுக்கக் காய்ச்சிய கத்தியால் ஒரு பெட்டையின் அலகு நுனியைத் தீய்த்தோம். அது பல நாட்கள் தீனித் தட்டின் அருகே வந்து நின்று, அலகைத் தாழ்த்தி, தின்னாமலே திரும்பிப் போயிற்று, உடல் மெலிந்தது. கொத்தும் பழக்கமோ மற்றக் கோழிகளிடம் அப்படியே இருந்தது. காரணத்தை விட்டுக் கருவியைத் தண்டித்தோம் என்பது பின்னரே புலப்பட்டது. இன்றும் அதை நினைத்து வருந்துகிறோம்.

பாவில் நூல் ஓயாமல் அறுந்தால் நெசவாளர் நூலை வைதுகொண்டிருப்பதில்லை. கஞ்சி சரியாக ஏறியதா, அச்சுப்பல் வளைந்ததா, காற்றில் ஈரம் குறைந்ததா என்று பார்க்கிறார். பயிர் மஞ்சளித்தால் உழவர் இலையைக் கிள்ளி எறிவதில்லை. வேரையும் நீரையும் பார்க்கிறார். அந்த நல்லறிவையே கோழியிடமும் காட்ட வேண்டுகிறோம்.

பார்க்க வேண்டியவற்றுள் முதலாவது தீனி. நம்மவர் பலர் நொய்யும் தவிடும் மட்டுமே போடுகின்றனர். முட்டையிடும் கோழியின் தீனியில் நூற்றுக்குச் சுமார் 16 பங்கு புரதம் வேண்டும். நொய்யில் அதில் பாதியளவே உண்டு. இறகோ பெரும்பாலும் புரதத்தால் ஆனது. மெதியோனின் என்னும் புரதக்கூறு குறைந்தால் இறகு நன்கு வளராது. கொத்தும் பழக்கமும் மிகும். கடலைப் பிண்ணாக்கில் அது குறைவு. எள்ளுப் பிண்ணாக்கிலும் கருவாட்டுத் தூளிலும் மிகுதி. ஆகவே இவற்றைக் கலந்து கொடுத்தல் நலம். பழம்பானையில் சாணமும் வைக்கோலும் ஈரமாக இட்டுக் கவிழ்த்து வைத்துக் கறையான் பிடித்துக் கொடுத்த நம் முன்னோர் வழக்கம் இன்றும் பயன் தருவதே. உப்புக் குறைந்தாலும் கொத்துதல் வரும். 100 கிலோ தீனிக்குக் கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ வரை உப்புப் போதும், மிகுந்தால் நஞ்சாகும். உப்புக் கருவாடு சேர்ப்பவர் தனியே உப்பு சேர்க்க வேண்டியதில்லை. கிளிஞ்சல் தூளை வேறு தட்டில் வைக்க வேண்டும். தண்ணீர் நாள் முழுதும் நிழலில் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது இடம். இரவுக் கூட்டில் கோழி ஒன்றுக்கு 2 சதுர அடியும், பகலில் உலாவ 10 சதுர அடியும் குறைந்தபட்சம் வேண்டும். மேலும் இருப்பின் மிக நன்று. நான்கைந்து பெட்டைகளுக்கு ஒன்றாக, இருண்ட மூலையில் முட்டையிடும் பெட்டி வைக்க வேண்டும். முட்டையிட்டதும் ஆசனவாய் சற்று வெளிப்பட்டுச் சிவந்து தோன்றும். வெளிச்சத்தில் மற்றக் கோழிகள் அதைக் கொத்தினால் உயிருக்கே ஆபத்து. நசுங்கிப் பிழியும் கூட்டமும் உச்சி வெயிலும் கோழியைக் கலங்கச் செய்யும். கோடையில் கீற்று நிழல் இன்றியமையாதது.

மூன்றாவது வேலை. ஆம், கோழிக்கும் வேலை வேண்டும். கூட்டில் வைக்கோலும் சருகும் பரப்பி, தானியத்தில் ஒரு பங்கை அதில் இறைத்தால் கிளறித் தின்னும். முருங்கை, அகத்திக் கொத்துகளையும் கீரைக் கட்டையும் எட்டும் உயரத்தில் தொங்கவிடலாம். வெள்ளைக் கயிற்றுக் கொத்துகளைக் கோழிகள் விரும்பிக் கொத்துமென்றும், அதனால் இறகைக் கொத்துவது குறையுமென்றும் ஆராய்ந்தோர் கண்டிருக்கின்றனர். ஆனால் நெசவாளர் வீடுகளில் ஓர் எச்சரிக்கை: தறிக் கழிவு நூலை அவிழ்ந்தபடி கொல்லையில் போடலாகாது. அது காலைச் சுற்றி இறுக்கும். விழுங்கினால் இரைப்பையை அடைக்கும். தடித்த கயிற்றை இறுக முடிந்தே தொங்கவிட வேண்டும்.

நான்காவது பேன், செள், உண்ணி. அரிப்பெடுத்த கோழி தன் இறகையும் பிடுங்கும்; பிறர் பிடுங்கவும் இடங்கொடுக்கும். சாம்பலும் மணலும் கலந்த குழி ஒன்று இருந்தால் அதில் புரண்டு தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். சில உண்ணிகள் பகலில் கூட்டின் இடுக்கில் ஒளிந்து இரவில் இரத்தம் குடிக்கும். ஆகவே கூட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை கோழி தானே இறகு உதிர்த்துப் புது இறகு முளைப்பதை இந்நோயென்று மயங்கவும் கூடாது.

இத்தனைக்கும் பின் காயம் கண்டால், காயப்பட்டதை உடனே பிரித்துவிட வேண்டும். சிவந்த இரத்தத்தைக் கண்டால் எல்லாக் கோழியும் கொத்தும். ஆறிய வெந்நீரால் கழுவி, வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசலாம். அதைக் கண்காணாத இடத்தில் அடைக்காமல், மற்றவை பார்க்கும்படி அதே கொல்லையில் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பது நலம். இல்லையேல் திரும்பி வரும்போது அந்நியக் கோழியென்று மீண்டும் தாக்கும். கொத்துவது பெரும்பாலும் ஒன்றிரண்டு கோழிகளே. அதைக் கண்டுபிடித்துச் சில நாள் தனியே வைத்து, அந்தி மயங்கும் வேளையில் திரும்ப விட்டால் பல சமயம் அடங்கிவிடும்.

பெரும் பண்ணைகள் அலகு வெட்டுகின்றனவே என்று கேட்பார் உண்டு. ஆயிரக்கணக்கான கோழிகளை நெருக்கி அடைப்பதால் அவர்களுக்கு அந்த நிர்ப்பந்தம் நேர்ந்தது. மண்ணும் மரமும் உள்ள நமக்கு அது ஏன்? அத்தகைய பண்ணைகள் நிறைந்த நாடுகளே இவ்வழக்கத்தைக் கைவிட்டு வருகின்றன. நார்வே 1974-ஆம் ஆண்டிலேயே தடுத்தது. ஜெர்மனியில் கோழி வளர்ப்போர் அரசுடன் உடன்பட்டு 2017 முதல் நிறுத்தினர். நம் நாட்டிலும் பிராணிகளுக்கு அவசியமற்ற வேதனை தருவதை 1960-ஆம் ஆண்டுச் சட்டம் கண்டிக்கிறது. அச்சட்டத்துக்கு வழிகோலிய தனிநபர் மசோதாவை ராஜ்ய சபையில் கொண்டுவந்தவர் நம் சென்னையில் வாழ்ந்த ருக்மிணி தேவி அருண்டேல் என்பதை நாம் பெருமையுடன் நினைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஏழைக் குடும்பத்துக்கு நேரமும் பணமும் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. தனி ஒருவர் சில்லறையாக எள்ளுப் பிண்ணாக்கு வாங்கினால் விலை கட்டுபடியாகாது என்பதும் உண்மை. அதற்காகத்தானே சங்கம் இருக்கிறது! இயந்திரத்துக்கு ஒதுக்கக் கேட்கும் அதே தொகையைக் கொண்டு, பிண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் கிளிஞ்சலும் மொத்தமாக வாங்கி, பண்டகசாலை வழியாக அடக்க விலைக்கு வழங்கலாம். கால்நடை மருத்துவர் ஒருவரை அழைத்து அங்கத்தினர் குடும்பத்துப் பெண்களுக்கு ஒரு நாள் செயல்முறை விளக்கம் நடத்தலாம். மூன்று மாதம் இவ்வாறு செய்து பார்த்து, ஒவ்வொருவரும் கண்ட பலனைக் கூட்டத்தில் சொல்லட்டும். அதன் பின்னரும் தொல்லை தீராத வீடு இருக்குமாயின், அவ்வீட்டுக் கூட்டை நேரில் சென்று பார்த்து வழி சொல்ல நாம் கடமைப்பட்டவர்கள்.

நூலுக்கும் நெல்லுக்கும் நியாயமான விலை கேட்டு ஒன்றுகூடியவர்கள் நாம். நெருக்கமும் பட்டினியும் மனிதரையே ஒருவரோடொருவர் மோத வைக்கும் என்பதை நம் தெருக்களில் கண்டவர்கள். வாயில்லா ஜீவனின் விஷயத்தில் மட்டும் அந்த அறிவை மறந்துவிடலாகாது. விண்ணப்பத்தைத் திருத்தி, இயந்திரத்துக்குப் பதில் தீனிக் கொள்முதலைத் தீர்மானமாக நிறைவேற்றுமாறு அங்கத்தினர் அனைவரையும் வேண்டிக்கொள்கிறோம்.