கேட்கும் முறையும் காட்டும் முறையும்



அறப்பணிக்குப் பொருள் திரட்ட ரசீதுப் புத்தகமும் உண்டியலுமே கருவிகளாக இருந்த காலம் மாறிவிட்டது. இன்று கைப்பேசியில் பிடித்த இரண்டு நிமிடக் காணொளி ஒன்று காலையில் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து புறப்பட்டால், மாலைக்குள் துபாயிலும் டொராண்டோவிலும் வாழும் நம்மவர் கண்முன் நிற்கிறது. பிள்ளைகளின் கல்விக்கும் முதியோரின் மருத்துவத்துக்கும் நிதி திரட்ட முனையும் தங்கவயல் அன்பர்கள் இக்கருவியை எவ்வாறு கையாளலாம் என்பதை இத்திங்கள் எண்ணிப் பார்ப்போம்.

நம் ஊரைத் திரையில் காட்டியவர்கள் உண்டு. 2018, 2022ஆம் ஆண்டுகளில் வந்த கன்னடப் படங்கள் கே.ஜி.எப். என்ற பெயரை நாடெங்கும் பரப்பின. 2024இல் வந்த 'தங்கலான்' தங்கம் தேடிய பழங்காலத்தை நினைவூட்டியது. ஆனால் வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து, மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி உழைத்தவர்களின் குடும்பங்கள், 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டபின் எவ்வாறு வாழ்கின்றன என்பதை அத்திரைகளில் காண இயலாது. விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் இளைஞரையும், பாறைத்தூள் படிந்த நுரையீரலோடு சிலிகோசிஸ் நோயில் வாடும் முதியவரையும் நாம் காட்டாவிடில் வேறு எவர் காட்டுவர்?

படத்தின் ஆற்றலுக்குச் சான்று வேண்டுமா? 1984 அக்டோபரில் எத்தியோப்பியப் பஞ்சத்தை முகமது அமீன் படம் பிடிக்க, மைக்கேல் பர்க் விளக்க, பி.பி.சி. ஒளிபரப்பியது. உலகின் மனச்சான்று அதிர்ந்தது. மறு ஆண்டு ஜூலை 13 அன்று லண்டனிலும் பிலடெல்பியாவிலும் நிதிக்கான மாபெரும் இசை நிகழ்ச்சிகள் நடைபெற்றன. ஆயினும், எலும்பும் தோலுமான குழந்தைகளையே மீண்டும் மீண்டும் காட்டுவது அம்மக்களைக் கையாலாகாதவராகச் சித்திரிக்கிறது என்ற கண்டனமும் எழுந்தது. அதன் விளைவாக 1989இல் ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்கள், மாந்தர் மாண்பைக் குலைக்கும் படங்களைத் தவிர்ப்பதற்கென நெறிமுறை ஒன்றை வகுத்துக் கொண்டன.

நமக்கு இது புதிய பாடமன்று. 'இரவு' என்ற அதிகாரத்தை வகுத்த வள்ளுவரே அடுத்து 'இரவச்சம்' என்ற அதிகாரத்தையும் வைத்தார். கேட்பதில் குற்றமில்லை, மானத்தை விற்றுக் கேட்பதுதான் குற்றம். மூச்சுத் திணறும் தந்தையின் முகத்தருகே கருவியை நீட்டிப் பெறும் பத்தாயிரம் ரூபாய் அக்குடும்பத்துக்கு உதவலாம். ஆனால் அப்படம் அவர் பேரனின் பள்ளித் தோழர் கைப்பேசியிலும் தோன்றும் என்பதை மறத்தலாகாது.

ஆகவே சில நெறிகளைக் கூறுகிறோம். படம் எடுக்குமுன் உரியவரிடம் எங்கெங்கு காட்டப்படும் என விளக்கி இசைவு பெறுக. முடிந்தபின் முதலில் அவருக்கே காட்டுக. அவர் வேண்டாமெனில் நீக்கிவிடுக. துன்பத்தை மட்டுமன்றித் தொழில்திறனையும் அவர் தம் வாயாலேயே சொல்லட்டும். ஒரு காணொளியில் ஒரு வாழ்க்கை, ஒரு தேவை, ஒரு தொகை போதும். 'ஏழைகளுக்கு உதவுங்கள்' என்பதைவிட, 'இம்மாணவியின் ஓராண்டுக் கட்டணம் இவ்வளவு' என்பது நெஞ்சில் தைக்கும். ஒலி தெளிவாக இருக்கட்டும். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுத்து வரிகள் சேர்த்தால் அண்டை அயலாரும் அறிவர். எல்லாவற்றுக்கும் மேலாக, பணம் வந்தபின் செலவுக் கணக்கோடு இரண்டாம் காணொளி ஒன்றை அனுப்புக. முதற்காணொளி இரக்கத்தைத் தரும். இரண்டாவதே நம்பிக்கையைத் தரும்.

சட்டத்தையும் கருத வேண்டும். இந்தியக் குடிமகன் வெளிநாட்டிலிருந்து தம் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது அயல்நாட்டு நன்கொடை ஆகாது. பிறநாட்டுக் குடியுரிமை பெற்றவர் தமிழரேயாயினும் அவர் தருவது அயல்நாட்டு நன்கொடையே. 2010ஆம் ஆண்டின் அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ பெறாத அமைப்பு அதனை ஏற்றல் கூடாது. காணொளியோ எல்லைகளைக் கடந்து செல்வது. ஆதலின் யாரிடம் பெறலாம் என்பதை அதிலேயே தெளிவாகக் கூறிவிடுதல் நலம்.

கருவி இளைஞர் கையில் இருக்கிறது. சொல்ல வேண்டிய கதை முதியோர் நெஞ்சில் இருக்கிறது. விடுமுறை நாள்களில் இருவரும் ஒருங்கே அமரட்டும். நிதி வருமுன்னரே, சுரங்கத்தில் இறங்கியவர் குரல் அழியாமல் காக்கப்பட்ட பயனேனும் நமக்குக் கிட்டும். தலை நிமிர்ந்து கேட்போம். கேட்டதற்குக் கணக்கும் காட்டுவோம்.