மஞானா என்றால் சோம்பேறித்தனமா?

முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். முதலாண்டு மேலாண்மைத் தேர்வில் "மஞானா மனப்பான்மை என்றால் என்ன?" என்று இரண்டு மார்க் கேள்வி. "ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் எந்த வேலையையும் நாளைக்கு என்று தள்ளிப்போடும் பழக்கம்" என்று நோட்ஸில் இருந்ததை அப்படியே கக்கிவிட்டு வந்தேன். முழு மார்க்! இப்போது மாலை வகுப்பில் ஸ்பானிஷ் படிக்கிறேன். அந்த இரண்டு மார்க் உறுத்துகிறது.

(உச்சரிப்பு கஷ்டமில்லை, நம்ம 'ஞ' அப்படியே பொருந்தும்.)

இந்தச் சொல்லுக்குக் காலை என்றும் பொருள், நாளை என்றும் பொருள். 'லா மஞானா' என்று பெண்பாலில் சொன்னால் காலைப்பொழுது. 'எல் மஞானா' என்று ஆண்பாலாக்கினால் எதிர்காலம். வெறும் 'மஞானா' என்றால் பெரும்பாலும் நாளை. 'மஞானா போர் லா மஞானா' என்றால் நாளைக் காலையில். வேர்ச்சொல் லத்தீன் 'மானே', அதிகாலை என்று அர்த்தம். அதிகாலையில் பிறந்த சொல்லையா சோம்பேறி ஆக்குவது?

ராத்திரி படுக்கும்போது நாம் "விடிஞ்சா பரீட்சை" என்கிறோமே, அந்த 'விடிஞ்சா' நாளைதானே? அதே கதைதான். ஜெர்மன்காரரும் காலைக்கும் நாளைக்கும் 'மோர்கன்' என்ற ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறார். அவரை யாராவது சோம்பேறி என்றார்களா? அவருக்கு மட்டும் நேரம் தவறாதவர் பட்டம்!

சரி, கணக்குக்கு வருவோம், நான் காமர்ஸ் மாணவன். ஓஈசிடி அமைப்பின் 2022 கணக்குப்படி மெக்சிகோ தொழிலாளி சராசரியாக வருடத்துக்கு 2,200 மணி நேரத்துக்கு மேல் உழைத்திருக்கிறார். ஜெர்மன் தொழிலாளி 1,400-க்கும் கீழே. ஆனால் 1948-ல் பெக்கி லீ பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்த 'மஞானா' பாட்டில் கேலிக்கு ஆளானவர் யார்? சோம்பேறி மெக்சிகோக்காரர். நம்ம நோட்ஸும் அந்தப் பாட்டைத்தான் பாடுகிறது.

"அப்போ ஸ்பெயினில் யாருமே இழுத்தடிப்பதில்லையா?" என்று கேட்பீர்கள். உண்டு. 1833-லேயே லார்ரா என்ற ஸ்பானிய எழுத்தாளர் 'நாளை வாருங்கள்' என்று தலைப்பு வைத்து ஒரு கட்டுரை எழுதினார். பதினைந்து நாளில் வேலை முடியும் என்று வந்த பிரெஞ்சுக்காரர் ஆறு மாதம் அலைந்து, ஒன்றும் நடக்காமல் ஊர் திரும்புகிறார். லார்ரா தன் ஊரையும் கிழிக்கிறார், தன் சோம்பலையும் விடவில்லை. சொந்த வீட்டை ஒருவர் திட்டிக்கொள்வது வேறு, அடுத்த தெருக்காரர் அதைப் பாடமாக நடத்துவது வேறு இல்லையா? நம்ம பெட்டிக்கடையில் 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று தொங்குகிறதே. அந்த அட்டையைப் பார்த்து மெக்சிகோவில் யாராவது 'நாளை மனப்பான்மை: தமிழர் பண்பாடு' என்று இரண்டு மார்க் கேள்வி வைத்தால் சும்மா இருப்போமா?

அந்த நோட்ஸ் இன்னும் ஜெராக்ஸ் கடையில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜூனியர்களே, அந்தப் பதிலை அடித்துவிட்டுப் படியுங்கள். மார்க் போனால் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.