பழைய ஆர்எக்ஸ் 100-க்கு ஃபிரேம் பெண்டா? பர்ஸைத் திறக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



அப்பா ஓட்டின ஆர்எக்ஸ் 100 உங்க வீட்ல இருக்கு. ஒரு ஆக்சிடென்ட், ஃபிரேம் பெண்டு. ஒரு மெக்கானிக் "நிமிர்த்திடலாம்"ங்கிறார். இன்னொருத்தர் "வேற ஃபிரேம் இருக்கு, போட்டுடலாம்"ங்கிறார். எது சீப்னு பார்த்து முடிவெடுக்கிறவங்கதான் நம்மள்ல அதிகம். என்னைக் கேட்டா, விலையை வச்சு முடிவு பண்ணவே கூடாத செலவு இது.

நிமிர்த்த முடியும்னா நிமிர்த்துங்க. முடியாதுன்னா ரோட்டுல ஓட்டுறதை நிறுத்துங்க. ஃபிரேம் மாத்துறது கடைசி வழி, அதுவும் ஆர்.டி.ஓ. அனுமதியோட மட்டும்.

ஃபிரேம்ங்கிறது வெறும் ஸ்பேர் பார்ட் இல்ல

சேசிஸ் நம்பர் அடிச்சிருக்கிறது ஃபிரேம்லதான். அதை மாத்தினா ஆர்.சி.ல இருக்கிற வண்டி வேற, நீங்க ஓட்டுற வண்டி வேற. ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996-லயே நின்னுபோச்சு. எல்லா வண்டியும் 15 வருஷம் தாண்டியாச்சு. அதனால 5 வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி.யைப் புதுப்பிச்சே ஆகணும். அப்போ சேசிஸ் நம்பரைச் சரிபார்ப்பாங்க. பொருந்தலன்னா அங்கேயே மாட்டிக்குவீங்க.

"உங்க பழைய நம்பரையே புது ஃபிரேம்ல அடிச்சுத் தரேன்"னு யாராவது சொன்னா, அந்த இடத்தை விட்டுக் கிளம்பிடுங்க. அது குற்றம். நம்பர் தேய்ச்ச ஃபிரேம் திருட்டு வண்டியோடதாவும் இருக்கலாம்.

இன்னொரு விஷயம். 2021-ல வந்த விண்டேஜ் வண்டி விதிப்படி 50 வருஷம் ஆகியிருக்கணும், சேசிஸ்ல மாற்றம் எதுவும் பண்ணியிருக்கக் கூடாது. 1985 மாடலுக்கு 2035-லதான் அந்தத் தகுதி வரும். இன்னைக்கு ஃபிரேமை மாத்தினா அந்த வாய்ப்பும் கையை விட்டுப் போகலாம்.

முதல் செலவு அளக்கிறதுக்கு

வண்டி ஒரு பக்கம் இழுத்தாலே ஃபிரேம் பெண்டுன்னு அர்த்தம் இல்ல. ஃபோர்க் மட்டும் வளைஞ்சிருந்தா செலவு ரொம்பக் குறைவு. முன் வீலையும் ஃபோர்க்கையும் கழட்டிட்டு, ஃபிரேமைத் தனியா ஜிக்ல வச்சு அளக்கச் சொல்லுங்க. கண்ணால பார்த்து, கேஸ்ல சூடு காட்டி, சுத்தியல்ல அடிச்சு நிமிர்த்துற இடத்துல கொடுக்காதீங்க.

ஸ்டீயரிங் ஹெட் பக்கத்துல பெயின்ட் சுருங்கியோ வெடிச்சோ இருந்தா, பெயின்ட்டை எடுத்துட்டு வெல்டிங்கைப் பார்க்கணும். பெண்டு வேற, கிராக் வேற. ஸ்டீயரிங் ஹெட்ல கிராக் இருந்தா பேரம் பேச எதுவும் இல்ல. 80 கிலோமீட்டர் வேகத்துல அது விட்டுச்சுன்னா நஷ்டம் பணம் மட்டும் இல்ல.

இன்சூரன்ஸ் காப்பாத்துமா?

பழைய வண்டிக்கு நிறைய பேர் தேர்டு பார்ட்டி மட்டும்தான் போடுறாங்க. அதுல உங்க வண்டி ரிப்பேருக்கு ஒரு ரூபா கூட வராது.

ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தாலும் ஐ.டி.வி.யைப் பாருங்க. 5 வருஷம் தாண்டின வண்டிக்கு அது நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு பண்ற தொகை. பிரீமியம் குறையட்டும்னு 20,000 ரூபாய்னு போட்டிருந்தா, ரிப்பேர் செலவு அதுல 75 சதவீதத்தை, அதாவது 15,000-ஐத் தாண்டினாலே டோட்டல் லாஸ். வண்டியோட சந்தை விலையோ, அப்பா ஞாபகமோ அந்தக் கணக்குல வராது.

கடன் வாங்கலாமா?

வேண்டாம். 60,000 ரூபாயை 16 சதவீத வட்டிக்கு 2 வருஷ பர்சனல் லோனா எடுத்தா, இ.எம்.ஐ. சுமார் 2,940. வட்டி மட்டும் 10,500 ரூபாய் கிட்ட. வண்டி வேலைக்குப் போக உதவினாலாவது பரவாயில்ல. ஞாயித்துக்கிழமை மட்டும் ஓட்டுற வண்டிக்கு மாசாமாசம் வட்டி கட்டுறது நியாயம் இல்ல.

எமர்ஜென்சி ஃபண்டையும் தொடாதீங்க. இது எமர்ஜென்சி இல்ல. வண்டி ஆறு மாசம் தார்ப்பாய்க்குள்ள நின்னா ஒண்ணும் கெட்டுடாது. பெட்ரோலை வடிச்சுட்டு, பேட்டரி இருந்தா கழட்டி வச்சுட்டு, மாசம் 3,000 தனியா சேருங்க. ஆறு மாசத்துல 18,000 கையில இருக்கும்.

பாசம் இருக்கிற பொருளுக்குச் செலவு பண்றது தப்பே இல்ல. ஆனா அந்தச் செலவுக்கு ஒரு எல்லையை மெக்கானிக் கடைக்குப் போறதுக்கு முன்னாடியே பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க. கடையில நின்னுக்கிட்டு முடிவு பண்ணினா, பேசுறது பாசமாத்தான் இருக்கும், கணக்கா இருக்காது.